எரிமலைச் சாம்பலின் உயரத்தை விண்ணிலிருந்து அளத்தல்

கற்றல் விளைவு: இடமாறு தோற்றத்தைக் கொண்டு உயரத்தை அறியும் முறையை மாணவர்கள் செய்து பார்த்து விளக்குவர்.

ஏன் அளக்க வேண்டும்?

1982 ஜூன் 24 இரவு, இந்தோனேசியாவின் ஜாவா தீவுக்கு அருகே பறந்த பயணிகள் விமானம் ஒன்றின் நான்கு எஞ்சின்களும் அடுத்தடுத்து நின்றன. காலுங்குங் எரிமலை கக்கிய சாம்பல் மேகத்துக்குள் அது புகுந்திருந்தது. எரிமலைச் சாம்பல் விறகுச் சாம்பல் போன்றதன்று. அது பாறை, கண்ணாடித் துகள்களால் ஆனது. எஞ்சின் வெப்பத்தில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். விமானத்தின் வானிலை ரேடாரிலும் அது தென்படவில்லை. விமானம் கீழிறங்கியபின் எஞ்சின்கள் மீண்டும் இயங்கியதால் அனைவரும் உயிர் தப்பினர்.

எனவே சாம்பல் எந்த இடத்தில் உள்ளது என்பதோடு, எந்த உயரத்தில் உள்ளது என்பதும் விமானிகளுக்குத் தெரிய வேண்டும். இன்று இதற்குச் செயற்கைக்கோள்கள் உதவுகின்றன.

வெப்பநிலை முறை

கீழடுக்கில் மேலே செல்லச் செல்ல வெப்பநிலை குறையும். ஆகவே அகச்சிவப்புக் கதிர்களால் மேகத்தின் உச்சி வெப்பநிலையை அளந்து உயரத்தைக் கணிக்கலாம். ஆனால் மீள் அடுக்கில் உயரத்துடன் வெப்பநிலை கூடுகிறது. ஒரே வெப்பநிலை இரண்டு உயரங்களுக்குப் பொருந்தும்போது இம்முறை போதாது.

இடமாறு தோற்ற முறை

2022 ஜனவரி 15 அன்று பசிபிக் பெருங்கடலில் டோங்கா நாட்டின் கடலடி எரிமலை வெடித்தது. ஜப்பானின் ஹிமவாரி-8, அமெரிக்காவின் கோஸ்-17, தென்கொரியாவின் ஜிகே-2ஏ ஆகிய மூன்று புவிநிலைத் துணைக்கோள்கள் வெவ்வேறு கோணங்களில் அதைப் படமெடுத்தன. படங்களில் மேகத்தின் உச்சி வெவ்வேறு இடங்களில் தெரிந்தது. அந்த வேறுபாட்டிலிருந்து அதன் உயரம் சுமார் 57 கி.மீ. எனக் கணக்கிட்டனர். அது இடையடுக்கைத் தொட்டிருந்தது!

வகுப்பறைச் செயல்பாடு

1. கரும்பலகையில் 10 செ.மீ. இடைவெளியில் செங்குத்துக் கோடுகள் வரைந்து எண்ணிடுக.
2. மாணவர் கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, இரு கண்களையும் மாறி மாறி மூடிப் பார்க்கட்டும். விரல் எத்தனை கோடுகள் நகர்வதாகத் தோன்றுகிறது எனக் குறிக்கட்டும்.
3. விரலை முகத்துக்கு அருகே கொண்டுவந்து மீண்டும் எண்ணட்டும். நகர்வு கூடும்.

கண்கள் துணைக்கோள்கள், விரல் சாம்பல் மேகம், பலகை புவிப்பரப்பு. மேகம் உயர உயரத் துணைக்கோளை நெருங்குகிறது. ஆகவே அதன் தோற்ற நகர்வும் கூடுகிறது.

மதிப்பீடு

1. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தால் நகர்வை அளக்க முடியுமா? ஏன்?
2. 57 கி.மீ. உயர மேகத்துக்கு வெப்பநிலை முறை ஏன் போதாது?