லாரிப் புகையும் நுண்துளைக் கல்லும்

ரப்பர்ப் பால் உறையாதிருக்க அமோனியா கலப்பதை நாம் அறிவோம். மூக்கைத் துளைக்கும் அதே அமோனியா, புதிய டீசல் லாரிகள் பலவற்றின் புகைக்குழாயிலும் இன்று பணிபுரிகின்றது.

இயந்திரத்தின் கடும் வெப்பத்தில், காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. நுரையீரலுக்குத் தீங்கு விளைக்கும் இவ்வாயுக்களை மாற்றவே, நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கரைந்த தூய நீர் புகையினுள் தெளிக்கப்படுகின்றது. சூட்டில் யூரியாவிலிருந்து அமோனியா பிறக்கும். அப்பால் இருப்பது, செம்பு ஏற்றிய ஜியோலைட் பூசிய பகுதி.

ஜியோலைட் என்றால் 'கொதிக்கும் கல்' என்று பொருள். சூடாக்கியபோது கொதிப்பதுபோல் நீராவியைக் கக்கியதால், சுவீடன் நாட்டுக் குரோன்ஸ்டெட் 1756இல் இப்பெயரிட்டார். லாரிகளுக்குரிய வகை ஆலையில் செய்யப்படுவது. அதன் துளைகள் ஏறத்தாழ 0.38 நானோமீட்டர் அகலமே உடையவை. சிறு துளைதானே என்று எண்ணலாகாது! அகன்ற துளையுடைய முந்தைய வகைகள் சூடான நீராவியில் விரைவில் சிதைந்தன. இதுவோ நன்கு தாங்குகின்றது. இத்துளைகளிலுள்ள செம்பின்மீது அமோனியாவும் நச்சு வாயுவும் வினைபுரிந்து, தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. செம்பு செலவாவதில்லை, ஆதலின் அதனை வினையூக்கி என்கிறோம்.

உரமூட்டையில் இருப்பதும் யூரியாதானே என்று அதனைக் கரைத்து லாரியில் ஊற்றுதல் பெருந்தவறு. உரத்திலுள்ள பிற பொருள்கள் தெளிப்பானை அடைத்து, வினையூக்கியின்மேல் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்யும். புகை பழைய நஞ்சுடனேயே வெளிவரும்.