வடாபாவ் கணக்கும் அழிச்ச போஸ்ட்டும்

சித்தி நேத்து போன் பண்ணாங்க. பி.காம். முடிச்ச கையோட நீ கோடிங் கத்துக்கப் போறியாம், அடுத்த மாசம் புனேயில கராடிக்கு வந்து என் ரூம்லயே தங்கப் போறியாம். தாராளமா வா. வர்றதுக்குள்ள ரெண்டு விஷயம் சொல்லிடறேன்.

இயான் ஐ.டி. பார்க் வாசல் டீக்கடையில நின்னு "எந்த லாங்வேஜ் முதல்ல படிக்கலாம்?"னு கேட்டுப் பாரு. பத்துப் பேர் பத்து சொல்வாங்க, அதுல ஒருத்தர் கண்டிப்பா "பைத்தான்லாம் ஒரு கோடிங்கா?"ம்பார். காதுல வாங்காதே. ஈஸியா ஒரு லாங்வேஜ் வேணும்கிறது சோம்பேறிங்க ஆசை இல்ல. 1964-லயே கெமெனி, கர்ட்ஸ்னு ரெண்டு கணக்கு வாத்தியாருங்க, சயின்ஸ் படிக்காத பசங்களும் எழுதணும்னுதான் டார்ட்மத் காலேஜ்ல பேசிக் லாங்வேஜை உருவாக்கினாங்க. நம்ம முத்து அண்ணாமலை 'எழில்'னு தமிழ்லயே ஒண்ணு செஞ்சிருக்கார். அதுல திரையில எழுத்து வரணும்னா 'பதிப்பி'னு எழுதினாப் போதும். வேலைக்குன்னு பார்த்தா என் ஓட்டு பைத்தானுக்கு.

முதல் நாளே இதை எழுதிப் பாரு. வடாபாவ் விலை 20. எத்தனை வேணும்னு 'இன்புட்' வச்சுக் கேளு. ரெண்டையும் பெருக்கு. பைத்தான் 3-ல 'விலை'னு தமிழ்லயே பேர் வைக்கலாம், ஏத்துக்கும். 3-னு டைப் பண்ணினா 60 வரணும்ல? வராது. மூணு மூணா வரிசை கட்டி நிக்கும். எண்ணிப் பாரு, சரியா இருபது மூணு இருக்கும். நீ அடிச்சதை அது எண்ணா எடுத்துக்கல, எழுத்தா எடுத்துக்கிட்டு இருபது தடவை ஒட்டி வச்சிருக்கு. அதை 'இன்ட்'டுக்குள்ள போட்டா 60 வந்துடும். இந்த மாதிரி ஒரு தப்பை நீயே கண்டுபிடிச்சா, பத்து வீடியோ பார்த்ததுக்குச் சமம். காசு கட்டி கோர்ஸ் சேர்றதுக்கு முன்னாடி, என்.பி.டி.இ.எல்.ல சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட் மாதவன் முகுந்த் எடுத்த பைத்தான் பாடம் இருக்கு, அதைப் பாரு. பாடம் பார்க்க இலவசம்தான்.

எழுதின கோடை ஏத்தி வைக்கிற கிட்ஹப்ல அக்கவுன்ட் தொடங்குவே. அங்கே நான் பட்டதைச் சொல்றேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல பாஸ்வேர்ட் இருந்த ஃபைலைப் பொதுவுல ஏத்திட்டேன். பதறிப்போய் அழிச்சேன். சீனியர் வந்து ஹிஸ்டரியைத் திறந்து காட்டினார். நான் அழிச்சதும் பதிவாகியிருக்கு, அதுக்கு முந்தின நிலையில பாஸ்வேர்ட் பளிச்சுன்னு அப்படியே உட்கார்ந்திருக்கு. பாஸ்வேர்டையே மாத்தினப்புறம்தான் மூச்சு வந்துச்சு.

இன்ஸ்டாகிராமும் அப்படித்தான். 2025 மே மாசம் இதே புனேயில ஐ.டி. படிக்கிற 19 வயசுப் பொண்ணு, ஆபரேஷன் சிந்தூர் பத்தி யாரோ போட்டதை ரீபோஸ்ட் பண்ணினா. ரெண்டு மணி நேரத்துல அழிச்சு மன்னிப்பும் கேட்டா. ஆனா அதுக்குள்ள அது ஊரைச் சுத்திடுச்சு. கைது, யெரவடா ஜெயில், காலேஜ்லேருந்து நீக்கம். நாம ஸ்டேஷனுக்குப் போற நகர் ரோட்டுலதான் யெரவடா வரும். மே 27 அன்னிக்கு பாம்பே ஹைகோர்ட் அரசாங்கத்தையும் காலேஜையும் கடுமையாக் கேட்டு, அவளை வெளியே விட்டு, பரீட்சை எழுத வச்சுது. கோர்ட் சரியாத்தான் சொல்லுச்சு. ஆனா அந்த நாட்களை யார் திருப்பித் தருவா?

உடனே வாயை மூடிக்கோன்னு சொல்றேன்னு நினைக்காதே. 2012-ல பால்கர்ல ஒரு பொண்ணு ஒரு பந்த் பத்தி ஃபேஸ்புக்ல எழுதினதுக்கும், இன்னொருத்தி அதுக்கு லைக் போட்டதுக்கும் பிடிச்சுட்டுப் போனாங்க. பேச்சை அடக்க அப்போ கைகொடுத்த ஐ.டி. சட்டத்தோட 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. ஒரு இளம்பெண், ஸ்ரேயா சிங்கால், வழக்குப் போட்டதுலேருந்து தொடங்கினதுதான் அது. பேசுறது உன் உரிமை, பேசு. உன் கருத்துன்னா உன் வார்த்தையில எழுது. வேற எவரோ எழுதின கோபத்தை ஃபார்வர்ட் பண்ணாதே, அதுல என்னென்ன இருக்குன்னு நீயே முழுசாப் படிச்சிருக்க மாட்டே. ராத்திரி பதினோரு மணிக்கு எழுதினதை டிராஃப்ட்ல போட்டுட்டுத் தூங்கு. ஆபீஸ் லேப்டாப்ல இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல சோஷியல் மீடியா பத்தி ஒரு பத்தி இருக்கும், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சுடு.

இன்னொண்ணு, இது எல்லாப் பொண்ணுங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும். சூரியன் மறைஞ்சப்புறம், உதிக்கிறதுக்கு முன்னாடி, பெண்களைக் கைது பண்ணக் கூடாது. ரொம்ப அவசியம்னா பெண் போலீஸ்தான் மாஜிஸ்திரேட்கிட்ட முன் அனுமதி வாங்கிட்டு வரணும். உனக்கு இது தேவைப்படவே படாது, ஆனா கூடப் படிக்கிற யாருக்காவது படலாம்.

சரி, அந்த வடாபாவ் கணக்கைப் போட்டியா? இருபது மூணு வந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பு. குடும்ப குரூப்ல போடாதே, பெரியப்பா அதுக்கும் ஒரு கருத்து சொல்வார்.