மாணவியர் மீட்ட உண்மை

உலகில் நாள்தோறும் நிகழ்வனவற்றை மக்களுக்கு எடுத்துரைப்பது செய்தியாளரின் பணி. கண்டதை எழுதுவதும் கேட்டதைச் சொல்லுவதும் எவர்க்கும் எளியனவே என்று நாம் எண்ணக்கூடும். ஆனால், கண்டதிலும் பிழை உண்டு; கேட்டதிலும் பொய் உண்டு. பொற்கொல்லன் ஒருவன் கூறியதை ஆராயாமல் நம்பியதனால் பாண்டியன் நெடுஞ்செழியன் குற்றமற்ற கோவலனைக் கொல்வித்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. ஆராயப்படாத சொல் ஓர் உயிரைப் போக்கவல்லது என்பதற்கு அக்காப்பியம் சான்று. நன்கு ஆராயப்பட்ட சொல் போகவிருந்த உயிரையும் மீட்கவல்லது. அதற்குச் சான்றாக, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கல்லூரி மாணவியர் மூவர் தம் வகுப்புப் பணியாக மேற்கொண்ட ஓர் ஆராய்ச்சியின் வரலாற்றை இங்குக் காண்போம்.

மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்துள்ள சிகாகோ, செய்தித்தாள்களுக்குப் பெயர்பெற்ற மாநகரம். அங்கே 1890-ஆம் ஆண்டில் ‘நகரச் செய்தி நிலையம்’ என்னும் நிறுவனம் தோன்றியது. அது நகரத்து நாளிதழ்களுக்குச் செய்தி திரட்டித் தந்ததோடு, இளஞ்செய்தியாளருக்குப் பயிற்சிக் கூடமாகவும் விளங்கியது. வியட்நாம் போரில் மைலாய் என்னும் சிற்றூரில் நிகழ்ந்த படுகொலையை 1969-இல் வெளிப்படுத்திய சீமோர் ஹெர்ஷ், தொழில் பழகியது இந்நிலையத்தில்தான். பயிற்சிக்கு வந்த இளைஞர் காவல் நிலையத்திலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் தொலைபேசியில் செய்தி சொல்லுவர். ஆசிரியர் குறுக்குக் கேள்விகள் கேட்பார். விடை தெரியாவிடில், மீண்டும் சென்று விசாரித்து வருமாறு பணிப்பார். ‘உன் தாய் உன்மேல் அன்புடையவள் என்று சொன்னாலும், அதனையும் விசாரித்துப் பார்’ என்பது அந்நிலையத்தின் புகழ்பெற்ற மூதுரை. தாயன்பை ஐயுறச் சொன்ன சொல்லன்று அது. நாம் ஐயுறவே எண்ணாத ஒன்றையும் ஒருமுறை உரைத்துப் பார்க்க வேண்டும் என்பதே அதன் கருத்து. எவர் வாய்ச் சொல்லாயினும் அதன் உண்மையை ஆராய வேண்டும் என்று வள்ளுவர் அறிவுறுத்தியதும் இதுவே அன்றோ?

சிகாகோவிற்கு வடக்கே எவன்ஸ்டன் நகரில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் உள்ளது. அதன் ஒரு பிரிவாக 1921-இல் மெடில் இதழியல் பள்ளி நிறுவப்பெற்றது. ‘சிகாகோ டிரிபியூன்’ நாளிதழின் ஆசிரியராக விளங்கிய ஜோசப் மெடிலின் பெயரை அது தாங்கியுள்ளது. மாணவர்கள் ஒரு பருவக் காலம் செய்தி நிறுவனங்களில் தங்கிப் பணிபுரிந்து பழகும் வழக்கம் அங்கு நெடுநாளாக உண்டு. அப்பள்ளியில் வழங்கிவந்த மற்றொரு விதியும் குறிக்கத்தக்கது. கட்டுரையின் நடை எத்துணைச் சிறந்ததாயினும், அதில் ஒருவரது பெயர் பிழையாக எழுதப்பட்டிருப்பின், அல்லது ஒரு செய்தி தவறாக இருப்பின், அக்கட்டுரைக்குத் தோல்வியைக் குறிக்கும் ‘எஃப்’ என்னும் எழுத்தே மதிப்பெண்ணாகக் கிடைக்கும். இவ்விதி மிகக் கடுமையானது என்று தோன்றலாம். ஆனால், ஒரு பெயரில் நேரும் பிழை ஒருவருடைய வாழ்வையே அழிக்கக்கூடும் என்பதை அப்பள்ளி மாணவியர் விரைவில் கண்டனர்.

1978-ஆம் ஆண்டு மே மாதத்தில், சிகாகோவின் தெற்குப் புறநகர்ப் பகுதியில், மணம் புரிந்துகொள்ள இருந்த ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் கடத்திச் செல்லப்பட்டுக் கொலையுண்டனர். ஊரார் கொதித்தெழுந்தனர். குற்றவாளிகளை விரைவில் பிடிக்க வேண்டும் என்னும் நெருக்கடி காவல்துறைக்கு நேர்ந்தது. டென்னிஸ் வில்லியம்ஸ், வெர்னீல் ஜிமர்சன், வில்லி ரெயின்ஜ், கென்னத் ஆடம்ஸ் என்னும் நால்வர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் கறுப்பினத்தைச் சேர்ந்த எளிய மக்கள். கொலையுண்டவர் இருவரும் வெள்ளையர். பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் வாக்குமூலம் வழக்கிற்குப் பெரிதும் ஆதாரமாயிற்று. அவள் முதலில் ஒன்று கூறினாள். பின்னர் அதனை மறுத்தாள். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பழைய கூற்றுக்கே திரும்பினாள். இத்தகைய சான்றுகளைக் கொண்டு வில்லியம்ஸுக்கும் ஜிமர்சனுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மற்றையோர் நெடுங்காலச் சிறைக்கு உள்ளாயினர். தாங்கள் குற்றமற்றவர்கள் என்று அவர்கள் இடையறாது கூறிவந்தனர். கேட்பார் அரிதாயினர்.

ஆண்டுகள் பல கழிந்தன. 1996-இல் மெடில் பள்ளிப் பேராசிரியர் டேவிட் புரோட்டெஸ் இவ்வழக்கைத் தம் வகுப்பில் பயின்ற மூன்று மாணவியரிடம் ஆராய்ச்சிப் பணியாக ஒப்படைத்தார். அவர்களுக்குக் காவலரின் அதிகாரம் இல்லை. வழக்கறிஞரின் சட்டப் புலமை இல்லை. பெயர்பெற்ற செய்தியாளருக்குரிய செல்வாக்கும் இல்லை. ஆயினும், பொறுமையாகப் படிப்பதற்கு நேரமும், தயங்காமல் கேட்பதற்குத் துணிவும் இருந்தன. முடிந்துபோன வழக்கு என்று பிறர் ஒதுக்கிய தாள்களை அவர்கள் ஒவ்வொன்றாகப் படித்தனர். சிறைக்குச் சென்று வில்லியம்ஸைக் கண்டு பேசினர். சாட்சிகளைத் தேடிச் சென்று வினவினர். இவ்வழக்கை முன்னரே ஆராய்ந்துவந்த துப்பறிவாளர் ஒருவரும் அவர்களுக்குத் துணைநின்றார்.

அவ்வாறு தேடியபோது, பழைய காவல்துறைக் குறிப்பு ஒன்று அவர்கள் கைக்குக் கிட்டியது. கொலை நிகழ்ந்த ஒரு வாரத்திற்குள் ஒருவர் காவலரிடம் சென்று செய்தி கூறியிருக்கிறார். துப்பாக்கி ஒலியைத் தாம் கேட்டதாகவும், வேறு நால்வர் அவ்விடத்தைவிட்டு ஓடியதைக் கண்டதாகவும், கொள்ளையடித்த பொருள்களை அவர்கள் மறுநாள் விற்றதைப் பார்த்ததாகவும் அவர் தெரிவித்திருக்கிறார். உண்மை, கொலை நிகழ்ந்த வாரத்திலேயே தாளில் எழுதப்பட்டிருந்தது! அதனைப் பின்பற்றிச் செல்வார் இல்லாமையால் ஏறக்குறைய 18 ஆண்டுகள் அது உறங்கிக் கிடந்தது.

குறிப்பில் கண்ட நால்வருள் ஒருவர் அதற்குள் இறந்துவிட்டார். எஞ்சியோரைத் தேடி ஆராய்ச்சி தொடர்ந்தது; இருவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். மரபணுச் சோதனையும் சிறைப்பட்டோர் குற்றவாளிகள் அல்லர் என்று காட்டியது. வழக்கறிஞர் பலரின் உழைப்பும் சேர, 1996-ஆம் ஆண்டில் நால்வரும் குற்றமற்றவர்கள் என்று முடிவாயிற்று. உண்மைக் குற்றவாளிகள் பின்னர்த் தண்டனை பெற்றனர். 1999-இல் குக் மாவட்ட அரசு, விடுதலை பெற்ற நால்வருக்கும் 3 கோடியே 60 இலட்சம் டாலர் இழப்பீடு தர இசைந்தது. இழந்த இளமையை எந்த இழப்பீடு ஈடு செய்யும்?

இவ்வழக்கும் இதுபோன்ற பிற வழக்குகளும் இல்லினாய் மாநில மக்களின் மனச்சான்றை உலுக்கின. 1977-இல் அம்மாநிலத்தில் மரண தண்டனை மீண்டும் சட்டமாகியதிலிருந்து 12 பேர் உயிரிழந்தனர் என்று சொல்லுவதைவிட, அரசு 12 பேருடைய உயிரைப் போக்கியது என்பதே பொருந்தும். அதே காலத்தில் மரண தண்டனை பெற்ற 13 பேர் பின்னர் விடுதலையாயினர். இக்கணக்கைக் கண்ட ஆளுநர் ஜார்ஜ் ரயன், 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் மரண தண்டனை நிறைவேற்றத்தை நிறுத்திவைத்தார். 2011-இல் அம்மாநிலம் அத்தண்டனையையே ஒழித்தது.

இத்துடன் வரலாறு முடிந்திருப்பின், நாம் மகிழ்ந்து பாராட்டி அமையலாம். ஆனால், இதனை அடுத்து நிகழ்ந்த ஒன்றையும் அறிதல் வேண்டும். 1982-இல் சிகாகோப் பூங்கா ஒன்றில் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் அந்தோணி போர்ட்டர் என்பவர் மரண தண்டனை பெற்றிருந்தார். அதே பேராசிரியரின் மாணவர்கள் இவ்வழக்கையும் ஆராய்ந்தனர். பூங்காவிற்கே சென்று, கொலை எவ்வாறு நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்டதோ அவ்வாறே நடித்துப் பார்த்தனர். சாட்சி ஒருவர் தம் பழைய கூற்றைக் கைவிட்டார். அதன்பின், அவர்களுடன் பணிபுரிந்த துப்பறிவாளர் ஒருவர், ஆல்ஸ்டோரி சைமன் என்பவரிடமிருந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம் பெற்றார். 1999-இல் போர்ட்டர் விடுதலையானார். சைமன் சிறை புகுந்தார்.

ஆனால், அவ்வாக்குமூலம் பெறப்பட்ட முறை நேரியதன்று. நடிகர் ஒருவரைச் சாட்சிபோல் பேசவைத்து எடுத்த படத்தைக் காட்டிச் சைமனை அச்சுறுத்தியிருந்தனர். சைமன் தம் வாக்குமூலத்தைப் பின்னர் மறுத்தார். அரசு வழக்கறிஞர் அவ்வழக்கை மீண்டும் ஆராய்ந்து, 2014-இல் அவர் மீதிருந்த தீர்ப்பை விலக்கச் செய்தார், அவரும் விடுதலையானார். ஓர் அநீதியை நீக்கப் புறப்பட்ட முயற்சியே மற்றோர் ஐயத்திற்கு இடமாயிற்று.

இவ்விரு வழக்குகளையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதல் வழக்கில் உண்மையை மீட்டவை ஏட்டில் இருந்த குறிப்பும், மரபணுச் சோதனையும், ஒன்றையொன்று தாங்கிநின்ற சான்றுகளுமாம். இரண்டாம் வழக்கிலோ, விரும்பிய விடை கிடைப்பதற்காக வஞ்சனை கையாளப்பட்டது. பகைவன் கூறியதை ஐயுற்று ஆராய்வது எளிது. நம் நெஞ்சம் விரும்புவதை ஐயுற்று ஆராய்வதே அரிது. நன்னோக்கம் ஒன்றே சான்றாகிவிடாது. நீதியை நாடுபவர் நீதியான வழியிலேயே அதனை நாட வேண்டும்.

மாணவர்களே, இப்பாடம் செய்தியாளராக விரும்புவோர்க்கு மட்டும் உரியதன்று. இந்நாளில் நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு செய்தி நிலையம் உள்ளது. கைப்பேசியில் வந்த செய்தியை நொடிப்பொழுதில் நூறு பேருக்கு அனுப்ப இயலுகிறது. ‘இதனை முதலில் சொன்னவர் யார்? அவர் நேரில் கண்டாரா? வேறு சான்று உண்டா? பெயர் சரிதானா?’ என்று கேட்க நூறு நொடி போதும். அம்மாணவியர் மூவரும் தம் வகுப்பில் கேட்கப் பழகியவை இவ்வினாக்களே. குற்றமற்ற நால்வருக்குச் சிறைக் கதவைத் திறக்க உதவியவையும் இவ்வினாக்களே.