வெள்ளிக் கரண்டியும் முத்திரையும்

ஆங்கில நாட்டுச் செல்வர் இல்லங்களில் முற்காலத்தில் வழங்கிய வெள்ளிக் கரண்டிகளையும் முட்கரண்டிகளையும் இன்று பொருட்காட்சிச் சாலைகளிற் காணலாம். அவை செய்யப்பட்ட நாளில் உணவுக் கருவிகளாக மட்டும் கருதப்படவில்லை. வீட்டுச் செல்வத்தின் ஒரு பகுதியாகவே மதிக்கப்பட்டன. வங்கிகள் பெருகாத அக்காலத்தில், வெள்ளியைக் கலமாக்கி வைத்தல் பணத்தைச் சேமித்து வைத்தலை ஒக்கும். முடை நேர்ந்தால் கலம் உலைக்களம் புகும். 1642-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரின்போது முதலாம் சார்லஸ் மன்னர் ஆக்ஸ்போர்டுக் கல்லூரிகளின் வெள்ளிக் கலங்களைப் பெற்று, உருக்கி, நாணயமாக அடித்தார். அழகிய வேலைப்பாடுகள் பல அவ்வாறே மறைந்தன.

கலமே பணமாயின், அதன் தூய்மையை அறிவது எவ்வாறு? தனி வெள்ளி மிக மென்மையானது. ஆகவே ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளியும் எஞ்சியது பெரும்பாலும் செம்புமாகக் கலப்பர். செம்பைச் சற்று மிகுத்தாலும் கண்ணால் அறிதல் அரிது. இக்குறையை நீக்கவே அரசு முத்திரை முறையை வகுத்தது. சிறுத்தைத் தலை முத்திரை 1300-இல் சட்டமாயிற்று. கலம் சோதிக்கப்பட்ட ஆண்டைக் காட்டும் எழுத்து 1478-இலும், நடக்கும் சிங்கத்தின் உருவம் 1544-இலும் சேர்ந்தன. செய்தவர் தம் குறியையும் உடன் பொறித்தல் வேண்டும். ஒரு சிறு கரண்டியின் காம்பை நோக்கி, அது பிறந்த ஊரையும் ஆண்டையும் செய்தவரையும் கூறிவிட முடிவது இதனாலேதான்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பெருந்தீமை தோன்றியது. மக்கள் நாணயங்களின் ஓரங்களை வெட்டி, அவ்வெள்ளியைத் தட்டாரிடம் விற்றனர். நாணயமும் கலமும் ஒரே தரமாக இருந்தமையால், வெட்டிய வெள்ளி நேரே கலமாயிற்று. 1697-இல் அரசு கலங்களுக்குரிய தரத்தை ஆயிரத்திற்கு ஏறக்குறைய 958 பங்கென உயர்த்தியது. நாணயத்தை அப்படியே உருக்கிக் கலஞ்செய்ய இனி இயலாது. 1720-இல் பழைய தரம் மீண்டும் வழக்கிற்கு வந்தது.

முட்கரண்டி ஆங்கிலேயருக்கு நெடுங்காலம் அயலானது. இத்தாலியர் அதனைக் கொண்டு உண்பதைத் தாமஸ் கோரியட் என்னும் பயணி 1611-இல் வெளியிட்ட நூலில் வியந்து எழுதினார். நண்பர் அவரை எள்ளி நகையாடினர். விருந்தினர்க்கெல்லாம் ஒரே வடிவில் கரண்டியும் முட்கரண்டியும் கத்தியும் அடுக்கும் வழக்கம் அதன் பின்னரே வேரூன்றியது. கத்தியின் அலகு எஃகு. பிடி மட்டுமே வெள்ளி. மெல்லிய தகட்டுப் பிடி எளிதில் தேய்ந்து பிளந்தது. ஆதலின் பழைய தொகுதிகளிற் கத்திகளே அருகிக் காணப்படும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழங்கிய ஹானோவர் வடிவத்தில் காம்பின் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். அக்கரண்டியை மேசைமீது குழி கீழ்நோக்குமாறு கவிழ்த்து வைத்தனர். ஆகவே குடும்பச் சின்னத்தைக் காம்பின் பின்புறத்தே பொறித்தனர். குழியின் முதுகிலும் சிப்பி, கப்பல் முதலிய உருவங்களை அச்சிட்டனர். கூண்டிலிருந்து வெளிவரும் பறவையையும் விடுதலை விருப்பைக் கூறும் தொடரையும் தாங்கிய தேக்கரண்டிகளும் உள. ஜான் வில்க்ஸ் என்னும் அரசியலாளரின் கிளர்ச்சியோடு அவை தொடர்புடையன. தேநீர் அருந்தும் மேசையில் அரசியல் நுழைந்தது நயமான செய்தியே! 1760-ஐ ஒட்டிப் 'பழைய ஆங்கில வடிவம்' தோன்றியது. அதில் நுனி கீழ்நோக்கி வளைந்தது. கரண்டியை நிமிர்த்தி வைத்தனர். சின்னமும் முன்புறத்திற்கு இடம் மாறியது. ஒரு நுனி வளைந்த திசையே அணி முழுவதையும் இடம் மாற்றிவிட்டது.

அக்காலத்தில் புகழ்பெற்றவர் ஹெஸ்டர் பேட்மன் என்னும் அம்மையார். அவர் எழுதப் படிக்க அறியாதவர். 1760-இல் கணவர் இறந்தார். ஐம்பது வயதைக் கடந்திருந்த அவ்வம்மையார் சோர்ந்துவிடாமல் மறு ஆண்டே தம் குறியைப் பதிவு செய்து, மக்களுடன் தொழிலை நடத்தினார். தொடக்கத்தில் பெரும்பாலும் கரண்டிகளே செய்தார். ஓரத்தில் மணிவரிசையும், ஒளி தெறிக்குமாறு சாய்வாக வெட்டிய நுண்கோடுகளும் அவர் பட்டறைக் கலங்களின் சிறப்பு. மிகை அணி இல்லாத அந்த அடக்கம், பின்வந்த ஆடம்பர வடிவங்களினும் இனிமையுடையது.

அடுத்த நூற்றாண்டில் பிடில் வடிவமும், சிப்பியும் சுருளும் மலிந்த 'அரசர் வடிவமும்' பரவின. பின்னதற்கு எஃகு அச்சுகளும் கனத்த வெள்ளியும் வேண்டும். 1840-இல் பர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் நிறுவனத்தார் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசும் முறைக்கு உரிமம் பெற்றனர். அதன்பின் அதே அணிவடிவங்கள் நடுத்தர மக்கள் இல்லத்தையும் எட்டின.

பழைய முட்கரண்டிகள் கரண்டிகளினும் அரியன, விலையும் மிகுதி. ஆதலால் வஞ்சகர் சிலர் பழைய கரண்டியின் குழியைத் தட்டி விரித்து, பற்களை வெட்டி, முட்கரண்டியாக்கி விற்பதுண்டு. முத்திரை மெய்யானது, கருவியோ பொய்யானது. அறிந்தோர் முத்திரையோடு அமையாமல், பற்களின் கனத்தையும் அளவையும் சோதிப்பர். காம்பை விரலால் தடவிப் பார்ப்பர். ஓரிடம் மெலிந்திருப்பின், முன்னை உடையவரின் சின்னத்தை யாரோ தேய்த்து அழித்திருக்கக்கூடும். நெடுநாள் வழங்கிய கரண்டியின் முனை பெரும்பாலும் இடப்பக்கமே மிகுதியாகத் தேய்ந்திருக்கும். வலக்கையால் உண்டோர் பலராதலின் அவ்வாறாயிற்று.