சீட்டு வருமா? - போக்கரில் ஒரு நிகழ்தகவுப் பாடம்

"எப்படியும் அந்தச் சீட்டு வந்துவிடும்" என்று சொல்லிச் சொல்லியே போக்கர் ஆட்டத்தில் கைப்பொருளை இழந்தோர் பலர். வருமா, வராதா என்பதற்குச் சோதிடம் வேண்டா. பெருக்கலும் வகுத்தலும் போதும்.

டெக்சாஸ் ஹோல்டம் என்னும் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து. முதலில் மூன்றும், பின்னர் ஒவ்வொன்றாக இரண்டும் திறக்கப்படும். நம் கையில் இரண்டு ஆட்டின், திறந்த மூன்றில் இரண்டு ஆட்டின் என்க. இன்னும் ஒன்று வந்தால் ஓரினச் சீட்டு ஐந்தாகும். இதனைப் பிளஷ் என்பர்.

நாம் காணாத சீட்டுகள் 47. அவற்றுள் ஆட்டின் 9. மீதி இரண்டு சீட்டையும் காணக் கிடைத்தால் வாய்ப்பு நூற்றுக்கு 35. நான்காவது சீட்டிலும் வராவிடின், எஞ்சிய 46-இல் 9. அதாவது நூற்றுக்கு 19.6 மட்டுமே. இந்நிலையிலும் பழைய 35-ஐ மனத்திற்கொண்டு பணம் கட்டுவதே பலர் செய்யும் பிழை.

இப்போது நடுவில் 100 காசு; எதிரி 50 கட்டுகிறார். நாம் 50 கொடுத்தால் 150 வெல்லலாம். 46 முறை ஆடினால், 9 முறை வெற்றியில் வரவு 1350. 37 முறை தோல்வியில் செலவு 1850. நட்டம் 500, ஆட்டத்திற்கு ஏறத்தாழ 11. அவர் 25 மட்டும் கட்டியிருப்பின் வரவு 1125, செலவு 925; தொடர்வது தகும். சீட்டு அதுவே; விலைதான் வேறு.

பிளஷ் அமைந்தபின் எதிரி மேலும் கட்டமாட்டாரா எனலாம். முதற்கணக்கின் நட்டம் தீர, வெல்லும் ஒவ்வொரு முறையும் சராசரி 56 காசு கூடுதலாகக் கிடைத்தாக வேண்டும். நடுவில் மூன்று ஆட்டினைக் கண்டபின் எளிதில் கட்டுவாரா? எண்ணிப் பார்க்க.

எதிரி கட்டாமல் விட்டால் நாமே 50 கட்டலாம். அவர் விலகினால் 100 நமது. விலகாவிடினும் 9 சீட்டு துணையுண்டு. இதனைச் செமி பிளஃப் என்பர். பின்னர்ப் பந்தயமில்லை எனக் கொண்டால், பத்தில் ஒருமுறை அவர் விலகினாலே நட்டமில்லை. ஆயினும் காசின்றிச் சீட்டைக் காண்பதினும் இது மேலாக, நூற்றுக்கு 28 முறையேனும் அவர் விலகவேண்டும்.

நண்பர்களே, காசுக்குப் பதில் புளியங்கொட்டை வைத்து இதனைச் சோதித்துப் பாருங்கள். ஒரு பயிற்சி: நான்கு சீட்டு திறந்தபின் நம்மிடம் 5, 6, 7, 8 என்னும் வரிசை, 4 அல்லது 9 வேண்டும். நடுவில் 100 இருக்க எதிரி 20 கட்டினால், தொடரலாமா?