குடியை விட மாத்திரை கேட்டோம்

அண்ணனை நான்கு வருடத்தில் ஐந்து டாக்டர்களிடம் காட்டினோம். ஈரலுக்கு எழுதினார்கள், தூக்கத்துக்கு எழுதினார்கள். குடிக்கு மட்டும், "மனசு வெச்சா விட்டுடலாம் தம்பி" என்ற புத்திமதிதான். சர்க்கரை நோயாளியிடம் இப்படிச் சொல்லி அனுப்புவார்களா?

அதை நம்பி ஒரு வெள்ளிக்கிழமை இரவோடு நிறுத்தினார். சனிக்கிழமை கைநடுக்கம், வியர்வை. அன்று இரவே வலிப்பு. தினமும் அதிகம் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்கள் உயிருக்கே ஆபத்து, டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில்தான் நால்ட்ரெக்சோன் என்ற பெயரையே கேட்டோம். குடித்தால் மூளையில் எழும் இதத்தை மழுங்கடித்து, ஆசையைக் குறைக்கும் மாத்திரை. அமெரிக்கா 1994-லேயே குடிநோய்க்கு அனுமதித்தது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் இதையும் அகாம்ப்ரோசேட் என்ற இன்னொரு மருந்தையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பிறகு ஏன் தயக்கம்? பழைய டாக்டர் ஒருவரிடமே கேட்டேன். "எழுதிப் பழக்கமில்லைம்மா, ஈரல் கெட்டுப்போனா என்ன பண்றது" என்றார். பயம் நியாயம்தான். ஆனால் பழக்கமில்லை என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்பியிருக்கலாமே!

அதனால், டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது, வேறு என்னென்ன மாத்திரை. டிராமடால் போன்ற வலி மாத்திரை எடுப்பவருக்கு நால்ட்ரெக்சோன் ஆகாது. ஈரல் மோசமானவருக்கு வேறு மருந்து பார்ப்பார்கள். அகாம்ப்ரோசேட்டுக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். இரண்டு பரிசோதனை ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். மருந்து வேண்டாம் என்றால், காரணம் கேளுங்கள். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம், கட்டணமில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைக் குழம்பில் கலந்து கொடுக்கச் சொல்லி அண்ணிக்கு யாரோ யோசனை சொன்னார்கள். தெரியாமல் அதைச் சாப்பிட்டவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நோயாளி அறிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது.

மாத்திரை தொடங்கிய பிறகும், பொங்கலுக்கு அண்ணன் மறுபடி குடித்தார். அண்ணி அழவில்லை; செவ்வாய்க்கிழமை ஓ.பி.க்குக் கூட்டிப்போனார். மனநலப் பிரிவு டாக்டர் திட்டவில்லை. எத்தனை நாள் மாத்திரையை விட்டீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு, சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.