ஆயுர்வேதம்: அறிந்து பயன்படுத்துவோம்



மூட்டுவலி, சர்க்கரை, பிரசவத்துக்குப் பிந்தைய பலவீனம் என்று பல காரணங்களுக்காக நம் வீடுகளில் ஆயுர்வேத மருந்து வாங்குகிறோம். சிலர், "மூலிகைதானே, கெடுதல் ஒன்றும் செய்யாது" என்று நம்பிக் குடிக்கிறார்கள். வேறு சிலர், "இது நமக்கு உரியதல்ல" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த மருத்துவம் என்ன சொல்கிறது, எங்கே கவனம் வேண்டும் என்று தெரிந்துகொண்டால் சரியான முடிவை நாமே எடுக்கலாம்.

அடிப்படை என்ன?

'ஆயுஸ்' என்றால் ஆயுள். 'வேதம்' என்றால் அறிவு. சரக சம்ஹிதை, சுசுருத சம்ஹிதை, வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் ஆகிய மூன்று சமஸ்கிருத நூல்களும் இதன் தூண்கள். முதல் நூல் உள்மருத்துவத்துக்கும், இரண்டாவது அறுவை மருத்துவத்துக்கும் பெயர் பெற்றவை. அறுபட்ட மூக்கைத் தோல் ஒட்டிச் சீராக்கும் முறை சுசுருதர் நூலில் உள்ளது.

வாதம், பித்தம், கபம் என்ற மூன்றும் உடலை இயக்குகின்றன என்பது ஆயுர்வேதத்தின் கொள்கை. அசைவும் வலியும் வாதத்தைச் சேர்ந்தவை. சூடும் செரிமானமும் பித்தத்தைச் சேர்ந்தவை. குளிர்ச்சியும் சளியும் கபத்தைச் சேர்ந்தவை. இவை சமநிலையில் இருந்தால் ஆரோக்கியம். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ நோய். அதனால்தான் ஆயுர்வேத வைத்தியர் நோயை மட்டும் கேட்பதில்லை. பசி, தூக்கம், மலச்சிக்கல், சாப்பிடும் நேரம் எல்லாவற்றையும் கேட்பார். மருந்தோடு பத்தியமும் சொல்வார். ஒருவருக்குக் கொடுத்த மருந்து மற்றவருக்குப் பொருந்தும் என்று இந்த முறையே சொல்வதில்லை. பக்கத்து வீட்டாருக்குக் குணமான லேகியத்தை நாமும் வாங்கிச் சாப்பிடுவது ஆயுர்வேதத்துக்கே முரணானது.

தமிழ்நாட்டில் சித்த மருத்துவத்தையும் ஆயுர்வேதத்தையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் முக்குற்றத்தையே பேசினாலும், சித்த மருத்துவத்தின் நூல்கள் தமிழில் உள்ளன. மருந்துகளிலும் வேறுபாடு உண்டு. நம் முன்னோர் பலர் நாடிய யூனானி மருத்துவமோ இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும் பித்தம் என்று நான்கைப் பேசுகிறது.

பாக்தாத் வரை சென்ற அறிவு

இந்த மருத்துவத்தை நம் முன்னோர் அந்நியமாகப் பார்க்கவில்லை. அப்பாசிய கலீஃபாக்கள் காலத்தில், பாக்தாதில் சுசுருதரின் நூல் அரபியில் மொழிபெயர்க்கப்பட்டது. கி.பி. 850-இல் அலீ இப்னு ரப்பான் அத்தபரீ எழுதி முடித்த 'ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா' என்ற மருத்துவ நூலின் இறுதிப் பகுதி இந்திய மருத்துவத்தைப் பற்றியதே. யூனானி மருந்துகளில் 'இத்ரீஃபல்' என்று ஒரு வகை உண்டு. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த 'திரிபலா'தான் அரபு நாட்டில் அப்படிப் பெயர் மாறியது. யூனானி மருத்துவராகிய ஹகீம் அஜ்மல் கான் டெல்லியில் அமைத்த திப்பியா கல்லூரி, ஆயுர்வேதம், யூனானி இரண்டையும் ஒரே வளாகத்தில் கற்பித்தது. அதை 1921-இல் காந்தியடிகள் திறந்து வைத்தார்.

நல்லது எங்கிருந்து வந்தாலும் ஏற்பதே அவர்கள் வழி. ஆனால் ஆராய்ந்து ஏற்றார்கள். நாமும் அப்படியே செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சை. இன்சுலின், இரத்த அழுத்த மாத்திரை, வலிப்பு மாத்திரை, இதய நோய் மருந்து ஆகியவற்றை நாமாக நிறுத்தக் கூடாது. இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரக்கூடியவர்கள் உண்டு. சர்க்கரை மாத்திரையோடு வெந்தயம், பாகற்காய் மருந்துகளையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். இருமலுக்கு நல்லதென்று அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும். எனவே, என்ன சாப்பிடுகிறோம் என்பதை ஆங்கில மருத்துவரிடமும் ஆயுர்வேத மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, உலோகம் சேர்ந்த மருந்துகள். பஸ்பம், செந்தூரம் போன்றவற்றில் பாதரசம், ஈயம் முதலியவை சேர்வதுண்டு. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது காணப்பட்டது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொல்லாமல் இவற்றைத் தொடவே கூடாது.

மூன்றாவது, நமக்கு முக்கியமான ஒன்று. 'அரிஷ்டம்', 'ஆசவம்' என்று முடியும் மருந்துகள் புளிக்க வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. அதில் தானாகவே ஆல்கஹால் உண்டாகிறது. பிரசவித்த பெண்களுக்குக் கொடுக்கும் தசமூலாரிஷ்டமும் இந்த வகையே. புட்டியின் லேபிளில் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். பெரும்பாலும் இதற்குப் பதிலாகக் கஷாயமோ சூரணமோ மாத்திரையோ கிடைக்கும். "அரிஷ்டம் வேண்டாம், வேறு வடிவில் எழுதித் தாருங்கள்" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். வேறு வழியில்லை என்று அவர் சொன்னால், மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

யாரிடம் போவது?

ஆயுர்வேத மருத்துவருக்குரிய பட்டம் பி.ஏ.எம்.எஸ். நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓர் ஆண்டுப் பயிற்சியும் முடித்துப் பதிவு பெற்றவரே மருத்துவம் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும், சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியும் உள்ளன.

மருந்து வாங்கும்போது உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்க்கப்பட்ட பொருட்கள் நான்கும் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். சர்க்கரை, புற்றுநோய் முதலியவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. அப்படி ஒரு நோட்டீஸோ வாட்ஸ்அப் செய்தியோ வந்தால் அதைப் பிறருக்கு அனுப்பாமல் இருப்பதும் ஒரு நன்மையே.

நெஞ்சுவலி, பக்கவாதம், மூச்சுத்திணறல், பாம்புக்கடி போன்றவற்றுக்கு நேராக மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும். 108-ஐ அழையுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். இந்தப் பாடத்தை வீட்டில் மருந்து சாப்பிடும் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.